கலைச்சொல் வேணும் (அவசரம்): 'கிரிட்டிக்கல் கன்ட்ரோல் பாயின்ட்'

தீவகத்தான்:
வணக்கம். ஊர்காவற்றுறை, அனலைதீவுப் பக்கமிருந்து வாற நீலக்கால் நண்டை அவிச்சுச் சதை எடுக்கிற பெண்களுக்கு ஒரு கையேடு, வெள்ளி அச்சுக்குப் போகவேணும். விசயம் ஹசாப் (HACCP), சாப்பாட்டில தீங்கு வரக்கூடிய படிகளை முன்கூட்டியே கண்டுபிடிச்சுத் தடுக்கிற முறை; அதில கட்டாயம் கட்டுப்படுத்தவேண்டிய படிதான் 'கிரிட்டிக்கல் கன்ட்ரோல் பாயின்ட்'. அமெரிக்காவுக்கு அனுப்பிறதெண்டால் 1997 கடைசியில இருந்து கட்டாயம், ஐரோப்பாவுக்கு 852/2004 எண்ட உணவுச் சுகாதார விதி. மற்றதெல்லாம் ஒருமாதிரி ஓடிட்டுது, இந்தச் சொல்லிலதான் நிக்குது. எங்கட பௌதிகப் பாடப்புத்தகத்தில கிரிட்டிக்கல் ஆங்கிளுக்கு 'அவதிக் கோணம்' (அவதி எண்டால் எல்லை), அந்த வழியில 'அவதிக் கட்டுப்பாட்டுப் புள்ளி' எண்டு போட்டன். வாசிச்ச அக்கா ஒராள் "எங்கட அவதியைக் கட்டுப்படுத்தவோ தம்பி?" எண்டு கேட்டா.

மதுரைக்காரன்:
இங்க அது 'மாறுநிலைக் கோணம்'. ஆனா நண்டுல என்ன நிலை மாறுது? பேசாம 'முக்கியக் கட்டுப்பாட்டுப் புள்ளி'ன்னு போடுங்க, முடிஞ்சுது.

புலவர்:
முக்கியமும் வடசொல், அவதியும் வடசொல். உயிர்நிலைன்னு அழகான சொல் இருக்க ஏன் கடன் வாங்கணும்? 'உயிர்நிலைக் காப்பிடம்'. அதோட ஹசார்டுக்கு, அதாவது தீங்கு செய்யக்கூடிய பொருளுக்கு, இடர்னு போட்டிருந்தா மாத்துங்க, இடர் ரிஸ்க்குக்கு, அந்தத் தீங்கு வர்ற வாய்ப்புக்கு. ஹசார்டு 'ஏதம்'. "ஏதங்கொண்டு ஊதியம் போக விடல்", கெடுதலை வச்சுக்கிட்டு லாபத்தை விடறது பேதைமைன்னு வள்ளுவர் ஏற்றுமதிக்காரங்களுக்கே எழுதினாப்ல இருக்கு.

லேப் அக்கா:
ஐயா, உயிர்நிலைன்னா அவங்க நண்டு உயிரோட இருக்கணும்னு நினைச்சுக்குவாங்க :)
'முக்கிய'த்துலயும் ஒரு சிக்கல். கை கழுவுறது, மேசை சுத்தம், ஐஸ் தண்ணி இதெல்லாம் முன்தேவை, அதாவது வேலைக்கு முன்னாடியே இருக்க வேண்டிய பொதுச் சுத்தம், பெரும்பாலும் இந்தக் கணக்குல வராது. அப்ப கை கழுவுறது முக்கியம் இல்லியான்னு முதல் நாளே கேப்பாங்க. டப்பால சதையை அடைச்சு சீல் வச்சு பாஸ்சரைஸ் பண்ற (சூடாக்கிக் கிருமியைக் கொல்ற) படி இருக்கே, அங்க சூடோ நேரமோ குறைஞ்சு விட்டுட்டா பின்னாடி எந்தப் படியும் காப்பாத்தாது. அதுக்கும் சாகாத பொட்டுலினம்ங்கற நச்சுக் கிருமியோட வித்து சிலது மிஞ்சும், அதைக் குளிர்தான் அடக்கி வைக்கும், அதனால குளிர்ல வைக்கிறதும் இந்தக் கணக்குத்தான். கடைசிக் காவல்ங்கறதுதான் பொருள். 'கடைக்காவல்'?

மதுரைக்காரன்:
கடைக்கு வாட்ச்மேன் போட்ட மாதிரி இருக்குக்கா.

புலவர்:
கடைன்னா வாயில் தம்பி. நெடுங்கடை, புறங்கடை எல்லாம் பாருங்க. கடைசின்னும் பொருள் உண்டு. ஆகவே கடைக்காவல் இரண்டு பொருளுக்கும் பொருந்தும், அம்மா சொன்னது சரி. ஆனா காவலுக்கும் காப்புக்கும் நுட்பமான வேறுபாடு உண்டு, காப்பு என்பது...

தீவகத்தான்:
ஐயா, அச்சகம் கூப்பிடுது. நாலு பேரிட்டக் கேட்டன், மூண்டு பேர் 'முக்கியக் கட்டுப்பாட்டுப் புள்ளி' விளங்குது எண்டினம், அதையே போடுறன். ஒராள் 'மெயின் இடம்' எண்டு சொல்லுறா.

லேப் அக்கா:
போடுங்க. ஆனா கை கழுவுற பக்கத்துல 'இதுவும் கட்டாயம்'னு பெரிய எழுத்துல ஒரு வரி சேர்த்துடுங்க, எனக்கு இந்தச் சொல்லு இன்னும் ஒப்பலை.

புலவர்:
ஏதம் பத்தி யாருமே ஒண்ணும் சொல்லலியே?