கன்று ஊட்டுவதால் மாடு பருவத்துக்கு வராமல் இருக்குமா?

மேட்டுத்தோட்டம்:
காங்கேயம் மாடு. தலையீற்று. கன்று போட்டு நாலு மாசம் ஆகப்போகிறது, இன்னும் பருவத்துக்கு வந்து ஒரு தடவைகூடக் கத்தவில்லை, வழும்பும் (பருவத்தில் வடியும் கோழை) இல்லை. காளைக்கன்று என்பதால் அப்பா அவிழ்த்தே விட்டிருக்கிறார், நாள் முழுக்க மடியிலேயே கிடக்கிறது. பக்கத்துத் தோட்டத்து ஜெர்சி இதற்குப் பிறகு ஈன்று சினை ஊசியும் போட்டாயிற்று. அங்கே கன்றுக்குப் புட்டிப்பால்தான். கன்று குடிப்பதுதான் காரணமா?

கொட்டகை_88:
தாது உப்பு கொடுங்க ப்ரோ, சரியாயிடும்.

ஊசிக்காரர்:
தாது உப்பு கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் கேட்ட கேள்வி வேறு.

ஆமாம், கன்றும் ஒரு காரணம். சினைப்பையில் முட்டைப்பை (முட்டை இருக்கும் சிறு கொப்புளம்) வளரும், வெடிக்காது. அதை வெடிக்கவைக்கும் எல்எச் ஹார்மோனை மூளை போதிய அளவு விடுவதில்லை. பால் வெளியேறுவதால் மட்டும் இப்படி ஆவதில்லை, கையால் கறந்தால் இந்த அளவுக்குத் தடை இருக்காது. தன் கன்று என்று கண்ணாலோ மோப்பத்தாலோ தெரிந்து ஊட்டும்போதுதான் தடை பலமாக விழுகிறது. வேற்றுக் கன்றை ஊட்டவிட்டுப் பார்த்த ஆய்வுகளில் அப்படித் தடை ஏற்படவில்லை.

கன்றை ஒரேயடியாகப் பிரித்துவிடாதீர்கள், காங்கேயம் பாலை அடக்கிக்கொள்ளும். காலை, மாலை கறவை நேரத்தில் மட்டும் ஊட்டவிட்டு மற்ற நேரம் தனியாகக் கட்டுங்கள். கன்றுக்குப் பசும்புல்லும் தண்ணீரும் இருக்கட்டும். மாட்டுக்கு விலா எலும்பு எண்ணுகிற மாதிரி இருந்தால் முதலில் தீவனத்தைக் கவனியுங்கள், தலையீற்று மாடு இன்னும் தானே வளர்ந்துகொண்டிருக்கும். முதல் பருவம் சத்தமில்லாமல் போய்விடுவதும் உண்டு. அதனால் டாக்டரை வைத்து, ஆசனவாய் வழியாகக் கையை விட்டுச் சினைப்பையைப் பார்த்துவிடுவது நல்லது.

வெண்பன்றிப்_பண்ணை:
எங்களிடம் இது இன்னும் வெட்டவெளிச்சம். குட்டி குடிக்கிறவரை தாய்ப்பன்றி பருவத்துக்கு வராது. பிரித்துவிட்டால் 4 முதல் 7 நாளில் பெரும்பாலும் எல்லாமே வந்துவிடும். குதிரை விதிவிலக்கு: குட்டி ஊட்டிக்கொண்டிருக்கும்போதே, பெரும்பாலும் ஈன்று பத்து நாளுக்குள் பருவத்துக்கு வரும்.

மேட்டுத்தோட்டம்:
நன்றிங்க. கன்றை எதிர்ப் பட்டியில் கட்டலாமா? அம்மாவைப் பார்த்துக்கொண்டாவது இருக்கட்டும் என்கிறார் அப்பா.

ஊசிக்காரர்:
பார்க்கிற மாதிரி கட்டினால் பாதிப் பலன்தான். கொட்டகைக்குப் பின்னால் கட்டுங்கள். இரண்டு நாள் இரண்டும் கத்தும், அதைப் பருவம் என்று நினைத்து எனக்குப் போன் செய்யாதீர்கள்.