1965 மொழிப் போராட்டம்: பள்ளி மாணவர்களாக நாங்கள் கண்டவை

மதுரை உறுப்பினர்:
அப்போது நான் பத்தாம் வகுப்பு. ஜனவரி 26 முதல் இந்தியே மத்திய அரசின் ஆட்சிமொழி என்பதும், 1963ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலம் 'தொடரலாம்' என்றதே தவிர 'தொடரும்' என்று உறுதி கூறவில்லை என்பதும் கல்லூரி அண்ணன்கள் சொல்லி நாங்கள் அறிந்தவை. எங்களுக்குக் கிடைத்தவை எடுபிடி வேலைகள்தாம். மைதா மாவில் பசை காய்ச்சினோம். சைக்கிளில் செய்தி கொண்டு போனோம். அரைக்கால் சட்டைக்காரனைக் காவலர் நிறுத்திக் கேட்பதில்லை என்பதால் தார் வாளியும் எங்கள் கையில்தான் இருக்கும். பெயர்ப்பலகை ஒன்றில் இந்தி எழுத்தின் மேல் நான் பூசிய தார் வழிந்து தமிழ் எழுத்தையும் தொட்டுவிட, அண்ணன் ஒருவர் தலையில் ஓங்கிக் குட்டினார்.

ஜனவரி 25 அன்று மாணவர் ஊர்வலத்தின் கடைசியில் நாங்களும் நடந்தோம். வடக்கு மாசி வீதியில் காங்கிரஸ் அலுவலகத்தருகே மோதல் மூண்டு, முன்னால் சென்றவர்கள் காயங்களுடன் திரும்பியபோது, ஒரு செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன். வீரக்கதை சொல்பவர்கள் இந்தப் பகுதியைச் சொல்வதில்லை.

திருச்சி உறுப்பினர்:
எங்கள் பெண்கள் பள்ளியில் வாயிலைப் பூட்டிவிட்டதால் ஊர்வலத்துக்குப் போக இயலவில்லை. முந்தைய ஆண்டு இதே நகரில் சின்னசாமி என்பவர் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தீக்குளித்ததைப் பற்றி வீட்டில் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசக் கேட்டிருந்த நாங்கள், வகுப்பில் பெரும்பாலோர் கறுப்பு ரிப்பன் கட்டிச் சென்றோம். அவிழ்க்குமாறு தலைமையாசிரியை ஆணையிட்டார். மாற்று ரிப்பன் யாரிடமும் இல்லாததால் மாலைவரை தலைவிரி கோலமாகவே அமர்ந்திருந்தோம். துக்க நாளுக்கு இதுதான் இன்னும் பொருத்தம் என்று தமிழாசிரியை மெல்லச் சொன்னார்.

மதுரை உறுப்பினர்:
அம்மா, தங்கள் தமிழாசிரியையைப் பற்றிப் படித்ததும் எங்கள் இந்தி ஆசிரியர் நினைவுக்கு வந்தார். அவரும் தமிழர்தாம். விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாளில், கரும்பலகையில் ஒன்றும் எழுதாமல், "பாடம் வேண்டாமென்றால் கணக்காவது போடுங்கள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். 1967இல் ஆட்சி மாறி, 1968 ஜனவரி 23 அன்று சட்டமன்றத்தில், பள்ளிகளில் இந்தியை நீக்கித் தமிழும் ஆங்கிலமும் மட்டுமே கற்பிக்கும் இருமொழித் தீர்மானம் நிறைவேறிய சில மாதங்களுக்குப் பின் அவரைக் கடைத்தெருவில் கண்டேன். "தார் வாளி நீதானே?" என்று கேட்டார். தலையசைத்தேன். நூலகப் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள் என்று கூறிவிட்டு, என் படிப்பைப் பற்றி விசாரித்தார்.