மின்னசோட்டா குளிரில் உங்களுக்கு மறக்காத ஒரு நிமிடம்?

ஏரிமேல் நின்றவன்:
மில் லாக்ஸ் ஏரி. ஜனவரி, இரவு ஒன்பது மணி, வெளியே மைனஸ் 15 ஃபாரன்ஹீட். உறைந்த ஏரியின் ஐஸ்மேலேயே வைத்திருந்த அலுவலக நண்பரின் மீன்பிடிக் குடிசையில் இருந்தோம். ஹீட்டர் சூட்டில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, ஐஸில் போட்ட துளைக்குள் தூண்டிலை விட்டு உட்கார்ந்திருந்தேன். திடீரென்று தூரத்தில் 'டும்ம்ம்' என்று ஒரு சத்தம். அது நேராக எங்களை நோக்கி வந்து, நாற்காலிக்கு அடியில் ஓடி, எதிர்க்கரைப் பக்கம் போய் அடங்கியது. அடுத்த நொடி நான் சாக்ஸோடு கதவுக்கு வெளியே. வெளியேயும் அதே ஐஸ்தான் என்பது அப்போது உறைக்கவில்லை! நண்பர் தூண்டிலை விட்டுக் கண்ணை எடுக்காமல், "ஐஸ் கெட்டியாகுது, நல்லதுதான்" என்றார். மூன்று வருடம் ஆகிறது. இன்னும் ராத்திரி தெருவில் கனமான லாரி போனால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

முந்நூறடி வீரன்:
எனக்கு பர்ன்ஸ்வில் ஊரின் பனிச்சறுக்கு மேடு, பக் ஹில். ஒலிம்பிக் பனிச்சறுக்கு வீராங்கனை லிண்ட்சி வான் சின்ன வயதில் பயிற்சி எடுத்த அதே மேடு. உயரம் 300 அடிதானே என்று போனேன். பாதியில் ஒரு ஸ்கீ தனியாகக் கழன்று கீழே போய்விட்டது. நான் மல்லாக்கக் கிடக்கிறேன், காலருக்குள் பனி. ஆறு வயதுகூட இருக்காது, ஒரு பெண் குழந்தை, கையில் கோல்கூட இல்லை, சர்ரென்று வந்து என் தலைமாட்டில் நின்று கேட்டாள்: "எழுந்திருக்கத் தெரியுமா?" தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சும்மா ஓய்வெடுக்கிறேன் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

மார்ச் மாதக்காரி:
ஏரி அண்ணா, உங்கள் நண்பர் சொன்னதை அப்படியே நம்பாதீர்கள். குளிர் ஏறி இறங்கும்போது ஐஸ் விரிந்து சுருங்கி வெடிப்பு விடும், அதன் சத்தம்தான் அது. ஐஸ் தாங்கும் என்பதற்கு அது சான்று இல்லை. அளந்துதான் பார்க்க வேண்டும். நடக்க 4 அங்குலமாவது வேண்டும், அதுவும் தெளிவான புது ஐஸ். வெள்ளையாக இருந்தால் பலம் ஏறக்குறைய பாதிதான், இரண்டு மடங்கு தடிமன் பாருங்கள். மேலே பனி மூடியிருந்தால் போர்வை போர்த்திய மாதிரி, அடியில் உறைவது மெதுவாகும். ஓடை வந்து சேரும் இடம், பாலத்தடி பக்கம் போகவே வேண்டாம். கழுத்தில் இரண்டு ஐஸ் குத்தூசி தொங்கட்டும். விழுந்தால் வந்த திசைக்கே திரும்பி, குத்தூசியை ஊன்றி, காலை உதைத்து ஏறுங்கள். ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டே வாருங்கள்.
என் கதையா? மார்ச்சில், பிடே மக்கா ஸ்கா ஏரி ஓரத்தில் ஒரு கால் முழங்கால் வரை உள்ளே போனது. அவ்வளவுதான்.

ஏரிமேல் நின்றவன்:
அம்மா தாயே, அன்றைக்கு 16 அங்குலம் இருந்தது, துளை போட்டபோதே அளந்தோம். பக்கத்தில் பிக்கப் வண்டிகள் நின்றன. நான் சொன்னது சத்தத்தைப் பற்றி.

மார்ச் மாதக்காரி:
ஒரு இடத்தில் 16 என்றால் பத்தடி தள்ளியும் 16 இருக்கும் என்று யார் சொன்னது?

முந்நூறடி வீரன்:
அதை விடுங்க. வெளியே நின்றபோது சாக்ஸ் ஐஸில் ஒட்டிக்கொள்ளவில்லையா?

ஏரிமேல் நின்றவன்:
துளை ஓரத்தில் மிதித்து நனைந்திருந்தது. வலது கால் ஒட்டிக்கொண்டது. சாக்ஸை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே வந்தேன்.