காலம் மட்டும் செல்வம் சேர்க்குமா?
(நீள்நடை, ஏட்டுக்கணக்கு, பொதுநிலம் என்ற புனைபெயர்களில் மூவர் இதைப் பற்றி உரையாடுகிறார்கள்.)

நீள்நடை:
செல்வம் சேர்க்கத் தனித்திறமை வேண்டும் என்ற எண்ணமே பலரைத் தொடங்கவிடாமல் தடுக்கிறது. ஆண்டுக்கு 8 விழுக்காடு வளரும் தொகை ஏறத்தாழ 9 ஆண்டுகளில் இரட்டிப்பாகும். 36 ஆண்டுகளில் பதினாறு மடங்காகும். அவற்றுள் கடைசி 9 ஆண்டுகளில் சேர்வது மட்டுமே, அதற்கு முந்தைய 27 ஆண்டுகளின் முடிவில் முதலும் வட்டியுமாக இருந்த முழுத்தொகைக்கு ஈடானது. அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட்டின் சொத்தில் மிகப்பெரும் பகுதி அவர் 65 வயதைக் கடந்த பின்னரே சேர்ந்தது. விரைவில் தொடங்குவதும் இடையில் கைவைக்காதிருப்பதுமே முதன்மையானவை. மற்றவை இரண்டாம்நிலை என்பது என் கருத்து.

ஏட்டுக்கணக்கு:
பெருக்கலில் பிழையில்லை, நண்பரே. ஆனால் அத்தனை ஆண்டுகளும் அந்தப் பணம் யார் பொறுப்பில் இருக்கும் என்பதை விட்டுவிட்டீர்கள். 7 விழுக்காட்டில் 40 ஆண்டுகள் வளரும் தொகை ஏறத்தாழ 15 மடங்காகும். ஆண்டுதோறும் 1 விழுக்காடு நிர்வாகக் கட்டணமாகப் போனால் 10 மடங்குக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். விலைவாசி உயர்வையும் வரியையும் நான் இன்னும் கழிக்கவே இல்லை.

தலைமுறை கடந்த சேமிப்புக்கு நல்ல சான்று ஒன்று உண்டு. 1790இல் மறைந்த அமெரிக்க அரசியலறிஞர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், பாஸ்டன், பிலடெல்பியா ஆகிய இரு நகரங்களுக்கும் தலா 1,000 பவுண்டு எழுதிவைத்தார். அதை இளம் கைவினைஞர்களுக்கு 5 விழுக்காட்டு வட்டியில் கடனாகக் கொடுத்து வளர்த்தால் 100 ஆண்டுகளில் 1,31,000 பவுண்டாகும். பெரும்பகுதியைப் பொதுப்பணிக்குச் செலவிட்டு, எஞ்சியதை மேலும் 100 ஆண்டுகள் வளர்க்கவேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு. காலப்போக்கில் பழைய தொழிற்பயிற்சி முறை தேய்ந்ததால் கடன் கேட்டு வருவோர் குறைந்தனர். முதல் நூற்றாண்டின் முடிவில் இரு நகரங்களுமே அவர் போட்ட கணக்கை எட்டவில்லை. 200 ஆண்டுகள் முடிந்தபோது பாஸ்டனிடம் ஏறத்தாழ 50 லட்சம் டாலர் இருந்தது. பிலடெல்பியாவிடம் அதில் பாதிகூட இல்லை. தொடக்கத் தொகையும் ஒன்று, ஆண்டுகளும் ஒன்று, பாதுகாத்தவர்கள்தாம் வேறு.

நீள்நடை:
நீங்கள் காட்டிய சான்று எனக்கே துணை நிற்கிறது. கணக்குத் தப்பியும், இடையில் பொதுப்பணிக்கு எடுத்ததுபோகவும், 1,000 பவுண்டு பல லட்சம் டாலராகியிருக்கிறது. பாதுகாப்போர் சுமாரானவர்களாக இருந்தாலும் காலம் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பொதுநிலம்:
எவ்வளவு சேரும் என்றே இருவரும் பேசுகிறீர்கள். சேர்ந்தது பிறர்மீது என்ன அதிகாரம் செலுத்தும் என்பதையும் பேசவேண்டும். ஒருவரிடம் 1 பங்கும் மற்றவரிடம் 100 பங்கும் இருந்து, இரண்டும் ஒரே வேகத்தில் பதினாறு மடங்கானால், இருவருக்கும் இடையிலான வேறுபாடு 99இலிருந்து 1,584 ஆகிவிடும். விகிதம் மாறவில்லை என்று இதைச் சமாதானப்படுத்துவோர் உண்டு. ஆனால் நிலத்தையோ நிறுவனத்தையோ விலைபேசும்போது எண்ணப்படுவது விகிதம் அன்று, கையிலுள்ள தொகை.

இந்த அச்சம் புதியதும் அன்று. 1797இல் மறைந்த லண்டன் வணிகர் பீட்டர் தெலுசன், தம் மறைவின்போது உயிரோடிருந்த மகன்களும் பேரன்களும் அவர்களுக்கு அடுத்த தலைமுறையினரும் வாழ்ந்து முடியும்வரை தம் பெருஞ்சொத்தின் வருவாயை எவரும் தொடாமல் குவிக்கவேண்டும் என்று உயில் எழுதியிருந்தார். அதைக் கண்டு கலங்கிய பிரிட்டிஷ் நாடாளுமன்றம், இனி எழுதப்படும் உயில்களில் இத்தகைய குவிப்பு பொதுவாக 21 ஆண்டுகளைத் தாண்டக்கூடாது என்று 1800இல் சட்டம் இயற்றியது. இறந்தவரின் விருப்பம் உயிரோடிருப்போரின் பொருளியலை ஆள்வதற்கு எல்லை வேண்டும் என்றே அச்சட்டத்தை நான் புரிந்துகொள்கிறேன்.

ஏட்டுக்கணக்கு:
தெலுசன் கதையின் முடிவையும் சொல்லிவிடுவது நியாயம். அந்த உயில்மீதான வழக்கில், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை 1859இல் இறுதித் தீர்ப்பளித்தபோது, வழக்குச் செலவும் நிர்வாகக் குறைகளும் தின்றதுபோக, எதிர்பார்த்த மலை அங்கே இல்லை. 2009ஆம் ஆண்டின் சட்டமோ, இங்கிலாந்தில் அறக்கட்டளைகளுக்கு மட்டும் 21 ஆண்டு எல்லையை வைத்துக்கொண்டு, தனியார் ஏற்பாடுகளுக்கு அதை நீக்கிவிட்டது.

நீள்நடை:
அப்படியானால் பொதுநிலம் அவர்களின் அச்சம் தேவையற்றது என்றாகிறதே.

பொதுநிலம்:
ஒரு குடும்பம் நீதிமன்றத்தில் சண்டையிட்டுக் கரைந்ததைப் பொதுநலப் பாதுகாப்பு என்று எண்ண முடியாது, ஐயா. சண்டையிடாத குடும்பங்களும் இருக்கின்றன. அவற்றிடம் திறமையான வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள்.

ஏட்டுக்கணக்கு:
நீள்நடை அவர்களுக்கு இன்னொரு சான்று. நோபல் பரிசுகள் 1901இல் தொடங்கின; மூலதனத்தைப் பாதுகாப்பான கடன்பத்திரங்கள் போன்றவற்றில் மட்டுமே வைக்கவேண்டும் என்ற விதி இருந்தது. விலைவாசியும் வரியும் சேர்ந்து அரித்ததில் பரிசின் மதிப்பு சரிந்தது; 1923இல் பரிசுத்தொகை மிகத் தாழ்ந்த நிலையைத் தொட்டது. 1946இல் வரிவிலக்குக் கிடைத்தது; 1953இல் பங்குகளில் முதலீடு செய்ய வழி திறந்தது; தொடக்கப் பரிசின் மதிப்பை மீண்டும் எட்டியது 1991இல்தான். முதல் நாற்பது ஆண்டுகளில் யாரும் மூலதனத்தைக் கலைக்கவில்லை; பொறுமைக்கு அங்கே என்ன குறை இருந்தது?

பொதுநிலம்:
அந்த வரிவிலக்கை அளித்தது அரசு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நிதி வரி செலுத்தாமல் வளர்கிறதென்றால் அந்தச் சுமையைப் பிற குடிமக்கள் ஏற்கிறார்கள். அறிவியலுக்காக அவர்கள் ஏற்கலாம். ஒரு குடும்பத்தின் ஐந்தாம் தலைமுறைக்காக ஏன் ஏற்கவேண்டும் என்பதற்கு நீள்நடை அவர்களின் விடையை எதிர்பார்க்கிறேன்.