ஒன்றியத்தை விட்டு விலகியதில் வேல்ஸின் அதிகாரம் கூடியதா, குறைந்ததா?

நூலகத்தூண் (விவாதத்தைத் தொடங்கியவர்)

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகியதைப் பற்றித் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் லண்டனோடும் வணிகத்தோடும் நின்றுவிடுகின்றன. எனக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. 1999 முதல் தனக்கென ஒரு பேரவையைக் கொண்டு, சுகாதாரம், கல்வி, வேளாண்மை, சுற்றுச்சூழல் போன்ற துறைகளைத் தானே நிர்வகித்து வரும் வேல்ஸுக்கு இந்த விலகல் என்ன செய்தது? 2016 ஜூன் 23 அன்று ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும் ஒன்றியத்தில் நீடிக்கவே வாக்களித்தன. வேல்ஸ் மட்டும் இங்கிலாந்தைப் போல 52.5 விழுக்காடு வாக்குகளுடன் விலகலைத் தேர்ந்தெடுத்தது. ஒன்றியத்தின் நிதியை நிறையப் பெற்ற பகுதி அதை ஏன் வேண்டாமென்றது, வேண்டாமென்ற பிறகு அதற்குக் கிடைத்தது என்ன என்பதை அங்கு வசிக்கும் நண்பர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கார்டிப்வாசி

நல்ல கேள்வி. முதலில் பணத்தைப் பார்ப்போம். தனிநபர் உற்பத்தி ஒன்றிய சராசரியில் 75 விழுக்காட்டுக்கும் கீழே இருந்ததால், மேற்கு வேல்ஸும் தெற்கிலுள்ள பழைய நிலக்கரிப் பள்ளத்தாக்குகளும் 2000 முதல் தொடர்ந்து மூன்று சுற்றுகளில் ஒன்றியத்தின் உச்ச அளவு நிதியுதவியைப் பெற்றன. ஒவ்வொரு சுற்றும் ஏழு ஆண்டுகள் நீடித்தது. அந்தப் பணத்தை எங்கே, எதற்குச் செலவிடுவது என்பதை முடிவு செய்தது தலைநகர் கார்டிப்பில் இருந்த வேல்ஸ் அரசு. 2019 தேர்தல் அறிக்கையில் கன்சர்வேட்டிவ் கட்சி, அந்த நிதிக்கு ஈடான தொகை குறையாமல் வரும் என்று உறுதியளித்தது. பிறகு வந்த 'பகிர்ந்த வளமை நிதி'யில் பிரிட்டன் முழுவதற்குமான 260 கோடி பவுண்டில் வேல்ஸுக்கு மூன்று ஆண்டுகளுக்கு 58.5 கோடி ஒதுக்கப்பட்டது. அதுவும் வேல்ஸ் அரசின் கையில் வராமல், லண்டனிலிருந்து நேராக 22 உள்ளாட்சி மன்றங்களுக்குப் போனது. வேளாண் மானியத்தையும் சேர்த்தால் இழப்பு 100 கோடி பவுண்டுக்கு மேல் என்பது வேல்ஸ் அரசின் கணக்கு.

ஆனால் பணம் எனக்கு இரண்டாவதுதான். 1999இல் பேரவை அமைந்தபோது, பொருள்களின் தரம், உணவுப் பாதுகாப்பு, சுற்றுச்சூழல் போன்றவற்றில் கார்டிப்பும் லண்டனும் ஒரே ஐரோப்பியச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டிருந்தன. இருவருக்கும் மேலே ஒரே கூரை இருந்ததால், யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்ற கேள்வி எழவே இல்லை. அந்தக் கூரையை எடுத்தபின் லண்டன் தன் கையாலேயே புதுக் கூரை போட்டுக்கொண்டது. அதுதான் 2020இன் உள்நாட்டுச் சந்தைச் சட்டம். இங்கிலாந்தில் சட்டப்படி விற்கத்தக்க ஒரு பொருளை, வேல்ஸ் தன் சட்டத்தால் தடை செய்தாலும், வேல்ஸ் கடைகளில் விற்கலாம் என்பதே அதன் சாரம். இந்தச் சட்டம் இருந்திருந்தால், 2011இல் வேல்ஸ் கொண்டுவந்த பிளாஸ்டிக் பைக் கட்டணத்தைக்கூட நடைமுறைப்படுத்தியிருக்க முடியாது. வேல்ஸ் பேரவை இதற்கு ஒப்புதல் மறுத்தும் சட்டம் நிறைவேறியது.

உஸ்க்கரை

நான் நியூபோர்ட்டில் பதினான்கு ஆண்டுகளாக வசிக்கிறேன். கார்டிப்வாசி சொன்னவற்றில் ஒரு பிழையை முதலில் திருத்திவிடுகிறேன். பைக் கட்டணம் என்பது ஒரு பொருளை விற்கும் முறை பற்றிய விதி. பொருளின் தன்மை பற்றியதன்று. விற்கும் முறை பற்றிய விதிகளுக்கு அந்தச் சட்டத்தின் பரஸ்பர ஏற்புக் கொள்கை (ஓரிடத்தில் விற்கத்தக்கதை மற்ற இடத்திலும் விற்கலாம் என்பது) பொதுவாகப் பொருந்தாது. வேறிடத்துப் பொருளைப் பாகுபாட்டோடு நடத்தக்கூடாது என்ற கட்டுப்பாடு மட்டுமே உண்டு. ஆகவே அந்த எடுத்துக்காட்டு செல்லாது.

நிதியைப் பொறுத்தவரை, அந்தப் பள்ளத்தாக்குகளில் ஒன்றிலுள்ள எப்பு வேல் ஊருக்கு ஒருமுறை சென்று பாருங்கள். 2002இல் இரும்பாலை மூடப்பட்ட இடத்தில் இன்று கல்லூரி நிற்கிறது. பல பத்தாண்டுகளாகப் பயணிகள் வண்டி ஓடாதிருந்த பாதையில் 2008 முதல் மீண்டும் ரயில் ஓடுகிறது. ஐரோப்பிய நிதியில் எழுந்தவற்றுக்கெல்லாம் ஒன்றியத்தின் நீலக்கொடி போட்ட பலகை உண்டு. அப்படியிருந்தும் அந்த ஊரை உள்ளடக்கிய பிளைனை குவென்ட் மாவட்டத்தில் 62 விழுக்காட்டினர் விலகலுக்கே வாக்களித்தனர். இதை நன்றிகெட்டத்தனம் என்று எழுதித் தள்ளியவர்களை அப்போதே நான் கண்டித்தேன். மூன்றாம் சுற்றிலும் அதே உச்ச உதவிக்குத் தகுதி பெற்றோம் என்றால், முதல் இரண்டு சுற்றுகளும் அந்த மக்களின் வருமானத்தை உயர்த்தவில்லை என்பதுதானே பொருள்? கட்டடத்தைப் பார்த்துக்கொண்டு வேலை இல்லாமல் இருந்தவர்கள், அந்தக் கட்டடத்துக்காக ஏன் வாக்களிக்க வேண்டும்?

100 கோடி இழப்பு என்ற கணக்கும் முழுமையானதன்று. பழைய ஒன்றியத் திட்டங்களின் பணம் 2023 இறுதிவரை செலவாகிக்கொண்டிருந்தது. அதை ஒதுக்கிவிட்டுப் புதிய நிதியை மட்டும் தராசில் வைத்தால் ஒரு தட்டு தாழத்தான் செய்யும். உள்ளாட்சி மன்றங்களுக்கு நேரடியாகப் பணம் போனதை அதிகாரப் பறிப்பு என்கிறார் நண்பர். கார்டிப்பிலிருந்து ஊருக்கு அதிகாரம் இறங்கினால் அது மட்டும் ஏன் பரவலாக்கம் ஆகாது?

கடைசியாக, 'அதிகாரம் பறிபோனது' என்ற முழக்கம் பற்றி ஒரு சொல். ஒன்றியத் தலைமையகமான பிரசல்ஸிலிருந்து திரும்பிய அதிகாரங்களில் சிலவற்றை லண்டன் தற்காலிகமாக முடக்கி வைக்க 2018இன் விலகல் சட்டம் இடமளித்தது. அந்தப் பிரிவு காலாவதியாகும்வரை ஒருமுறைகூடப் பயன்படுத்தப்படவில்லை. மறுபுறம், 2023இல் வேல்ஸ் தன் வேளாண் சட்டத்தைத் தானே இயற்றிக்கொண்டது. ஐரோப்பியப் பொது வேளாண் கொள்கையின் கீழ் இதை நினைத்துப் பார்த்திருக்க முடியுமா?

கார்டிப்வாசி

பைக் கட்டணம் பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன்; அவசரத்தில் தவறான எடுத்துக்காட்டைப் பிடித்துவிட்டேன். சரியான எடுத்துக்காட்டு வேல்ஸில் இல்லை, ஸ்காட்லாந்தில் இருக்கிறது. குடித்து முடித்த பாட்டிலைத் திருப்பித் தந்தால் முன்பணம் திரும்பக் கிடைக்கும் திட்டத்தை ஸ்காட்லாந்து கண்ணாடிப் பாட்டில்களையும் சேர்த்து வகுத்தது. உள்நாட்டுச் சந்தைச் சட்டத்திலிருந்து விலக்கு வேண்டும் என்று கேட்டபோது, 2023இல் லண்டன் கண்ணாடியை நீக்கிவிட்டு மீதிக்கு மட்டுமே விலக்களித்தது. திட்டம் அந்த நிலையில் ஒத்திவைக்கப்பட்டது. தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்கள் சிலவற்றுக்கு 2022இல் விலக்குக் கிடைத்ததும் உண்மைதான், அதை மறைக்கவில்லை. ஆனால் கேட்டுப் பெறுகிற விலக்கு வேறு, தானே முடிவெடுக்கிற உரிமை வேறு.

பிரசல்ஸ் சட்டத்தையும் கார்டிப்பால் மாற்ற முடியாது என்று அடுத்து நீங்கள் கேட்பீர்கள் என்பது தெரியும். முடியாதுதான், ஆனால் லண்டனாலும் தனியாக மாற்ற முடியாது. உள்நாட்டுச் சந்தைச் சட்டத்தையோ லண்டன் நாடாளுமன்றமான வெஸ்ட்மின்ஸ்டர் ஒரு பிற்பகலில் திருத்திவிடலாம். வேல்ஸ் தொடர்பான அதிகாரங்களில் பொதுவாக அதன் ஒப்புதல் இன்றிச் சட்டம் இயற்றுவதில்லை என்ற சூவெல் மரபு அரசியல் மரபு மட்டுமே, அதை நீதிமன்றம் செயல்படுத்தாது என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2020 ஜனவரியில் விலகல் உடன்படிக்கைச் சட்டத்துக்கு வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து ஆகிய மூன்று பேரவைகளும் ஒப்புதல் மறுத்தன, ஆனாலும் சட்டம் நிறைவேறியது.

நிதி வருமானத்தை உயர்த்தவில்லை என்ற வாதத்துக்கும் ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒன்றியக் கட்டமைப்பு நிதி ஆண்டுக்குச் சுமார் 30 கோடி பவுண்டு. அப்போது வேல்ஸ் அரசின் ஆண்டு வரவுசெலவு 1,500 கோடி பவுண்டளவில் இருந்தது. இரண்டு விழுக்காட்டுப் பணத்தை வைத்துக்கொண்டு, நிலக்கரியும் இரும்பும் போன பள்ளத்தாக்கைத் தூக்கி நிறுத்தவில்லையே என்று கேட்பது நியாயமில்லை. அந்தப் பணத்தின் மதிப்பு அளவில் இருக்கவில்லை. ஏழு ஆண்டுக்கு உறுதியாக வரும் என்பதில் இருந்தது. மூன்று ஆண்டுக்கு ஒதுக்கி, நான்காவதாக ஓராண்டு குறைந்த தொகையோடு நீட்டிக்கப்பட்ட நிதியை நம்பி எந்தக் கல்லூரி பயிற்சி ஆசிரியரை நிரந்தரமாக நியமிக்கும்?

மெனாய்க்கரை

நண்பர்கள் இருவரும் சட்டத்திலும் கணக்கிலும் நிற்கிறீர்கள். நான் வடக்கில் பாங்கருக்கு அருகே வசிக்கிறேன். என் ஜன்னலிலிருந்து தெரியும் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன்.

மெனாய் நீரிணையின் அடித்தளத்தில் 1960களிலிருந்து சிப்பி வளர்க்கிறார்கள். கடலுக்கு அடியில் வயல் என்றே சொல்ல வேண்டும்: குஞ்சுச் சிப்பிகளை வேறிடத்திலிருந்து அள்ளிக் கொண்டுவந்து இங்கே விதைக்கிறார்கள், அவை பெரிதான பின் படகில் வாரி எடுத்து, உயிரோடு நெதர்லாந்துக்கும் பிரான்சுக்கும் அனுப்பிவந்தார்கள். இவை வளரும் நீர் 'பி' வகுப்பைச் சேர்ந்தது. அந்தத் தண்ணீரிலிருந்து எடுத்த சிப்பியைத் தூய நீரில் சில காலம் வைத்துச் சுத்தம் செய்த பின்பே உண்ணலாம். ஒன்றியத்துக்குள் இருந்தவரை அந்தச் சுத்திகரிப்பு வாங்குபவரின் ஊரில் நடந்தது. வெளியே வந்தபின் நாம் 'மூன்றாம் நாடு', அதாவது ஒன்றியத்தில் சேராத வெளிநாடு. மூன்றாம் நாட்டிலிருந்து சுத்தம் செய்யாத 'பி' வகுப்புச் சிப்பி ஒன்றியத்துக்குள் நுழைய அனுமதியில்லை. 2021 ஜனவரி பிறந்தவுடன் அந்த வணிகம் நின்றது. விதி முன்பே இருந்ததுதான் என்றது பிரசல்ஸ். நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டார்கள் என்றது லண்டன். இந்த வாக்குவாதத்துக்கு நடுவே படகுகள் கரையில் கட்டிக் கிடந்தன.

இதில் கார்டிப்பின் பங்கு என்ன என்று பாருங்கள். மீன்வளம் வேல்ஸ் பேரவையின் அதிகாரம். அந்தக் கடற்படுகையில் யார் வளர்க்கலாம், எப்படி வளர்க்கலாம் என்பதை அது ஒழுங்குபடுத்தலாம். ஆனால் அந்தச் சிப்பி எந்தச் சான்றிதழோடு எல்லையைக் கடக்கும் என்பது வெளிநாட்டு வணிகம். அது லண்டனுக்கு ஒதுக்கப்பட்ட துறை. ஒன்றியத்துக்குள் எல்லை என்ற ஒன்றே இல்லாததால், இந்தப் பிரிவினை யார் கண்ணிலும் படவில்லை. உஸ்க்கரை அவர்கள் சொல்வதுபோல் காகிதத்தில் அதிகாரம் கூடியிருக்கலாம். அந்த அதிகாரத்தைக் கொண்டு விளைவித்ததை விற்க முடியவில்லை என்பதுதான் இங்குள்ளவர்களின் குறை.

ஹோலிஹெட் துறைமுகமும் அப்படித்தான். அயர்லாந்துச் சரக்கு லாரிகள் வேல்ஸையும் இங்கிலாந்தையும் கடந்து ஐரோப்பாவுக்குப் போகும் தரைப்பாலம் அது. 2021 ஜனவரியில் அயர்லாந்தின் ராஸ்லேரிலிருந்து பிரான்சின் டன்கர்க்குக்கு நேரடிக் கப்பல் தொடங்கியது. சுங்கத் தாள்களை நிரப்புவதைவிடக் கடலில் ஒரு நாள் கூடுதலாகக் கிடப்பது மேல் என்று பல லாரிகள் கப்பலேறின.

உஸ்க்கரை

சிப்பி விஷயத்தில் எனக்கு எதிர்வாதம் இல்லை. சுத்திகரிப்புத் தொட்டிகளை இங்கேயே கட்டலாமே என்று எழுத வந்தேன். டன் கணக்கில் வாரும் தொழிலில் அது கட்டுப்படியாகுமா என்பதைத் தொழில் தெரிந்தவர்களே சொல்ல வேண்டும். ஆனால் ஒரு சிப்பி வளர்ப்பிடத்தை வைத்து முழு வேல்ஸையும் அளந்துவிடாதீர்கள்.

வேளாண்மைக்குத் திரும்புகிறேன். 2024 மார்ச்சில் கார்டிப் விரிகுடாவில் பேரவையின் படிகளில் 5,500 ஜோடி ரப்பர் பூட்ஸுகளை வரிசையாக வைத்தார்கள். விவசாயியின் பூட்ஸ், ஆள் இல்லாமல் காலியாக. வேல்ஸ் அரசின் புதிய வேளாண் திட்டத்தால் அத்தனை வேலைகள் போகக்கூடும் என்று அரசே செய்வித்த ஒரு மதிப்பீடு காட்டியதால் வந்த போராட்டம் அது. நிலத்தில் பத்து விழுக்காடு மரம் வேண்டும் என்ற நிபந்தனைதான் பெரும்பாலோரைக் கொதிக்க வைத்தது. அந்தக் கோபம் எங்கே போனது என்பதே என் கேள்வி. முன்பென்றால் பிரசல்ஸைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். இப்போது தங்கள் சொந்தப் பேரவையின் படியில் நின்றார்கள்; அமைச்சர்கள் பதில் சொல்ல வேண்டியிருந்தது; அந்த நிபந்தனை பின்னர் கைவிடவும் பட்டது. பொறுப்பு வீடு வந்து சேர்ந்தது என்று நான் சொல்வது இதைத்தான்.

கார்டிப்வாசி

அந்தப் பூட்ஸுகளை நானும் பார்த்தேன். மறக்க முடியாத காட்சிதான். ஆனால் அந்த விவசாயிகளின் ஆட்டிறைச்சி ஏற்றுமதியில் 90 விழுக்காட்டுக்கு மேல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கே போகிறது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆட்டிறைச்சிக்குச் சந்தையைத் திறந்த ஒப்பந்தங்களை லண்டன் பேசி முடித்தது. அவை 2023 மே இறுதியில் நடைமுறைக்கு வந்தன. மரம் நடும் விதிக்குக் கார்டிப்பின் படியில் பூட்ஸ் வைக்கலாம். இந்த ஒப்பந்தங்களுக்கு எந்தப் படியில் வைப்பது?

வேல்ஸுக்குப் பிரசல்ஸில் குரலே இருந்ததில்லை என்று சிலர் சொல்வதும் சரியல்ல. பிரிட்டன் குழுவின் அங்கமாக வேல்ஸ் அமைச்சர்கள் அங்கே அமர்ந்திருக்கிறார்கள். 2008 நவம்பரில் ஒன்றிய நாடுகளின் அமைச்சர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் வேல்ஸ் மொழியே முதன்முறையாக ஒலித்தது. நம்மைப் போன்றவர்களுக்கு அதன் அருமை தெரியாததல்ல.

நூலகத்தூண்

இருவருக்கும் நன்றி. மெனாய்க்கரை அவர்களிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். 2025 மே 19 அன்று லண்டனில் நடந்த உச்சி மாநாட்டில், உணவு மற்றும் கால்நடைப் பொருள்களின் சான்றிதழ் தொல்லையைக் குறைக்கும் ஓர் உடன்பாட்டை நோக்கிப் பேச இரு தரப்பும் இணங்கின. அது வந்தால் உங்கள் ஜன்னலுக்கு வெளியே மறுபடியும் படகு ஓடுமா?

மெனாய்க்கரை

ஓடலாம், ஆனால் உடனே ஓடாது. சிப்பி விதைத்த பிறகு அறுவடைக்கு வர இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். வாங்குபவர் உறுதியாக இல்லாமல் எவரும் விதைக்க மாட்டார்கள். நெதர்லாந்துக்காரர்கள் இதற்குள் வேறிடத்தில் வாங்கப் பழகியிருப்பார்கள். அந்தப் பேச்சுவார்த்தை மேசையில் பேசுவது லண்டன். கடற்படுகைக்குப் பொறுப்பான கார்டிப், என்ன முடிவாயிற்று என்று எங்களைப் போலவே செய்தியில் பார்த்துத் தெரிந்துகொள்ளும்.