புது மைவி, செம்மண் சடக்கு: செராமிக் போதுமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறேன். புது மைவி காடி (கார்), செம்மண் சடக்கில் (சாலையில்) தினமும் செம்பனை லோரிகளுக்குப் பின்னால்தான் போய் வரணும், கல் தெறித்து பானெட் முனையில் இப்போதே ஊசி குத்தின மாதிரி வெள்ளைப் புள்ளிகள். பெயிண்ட் மேல் பூசும் செராமிக் கோட்டிங் போட்டால் போதுமா அண்ணே?

பதில்: போதாது தம்பி. செராமிக் சில மைக்ரான் கனம்தான். கழுவ சுலபம், பளபளப்பு நிற்கும், ஆனால் கல்லைத் தடுக்காது. கல்லடிக்கு பிபிஎஃப் பிலிம்தான், அதாவது பெயிண்டைக் காக்க மேலே ஒட்டும் தெளிவான பிலிம், 150 முதல் 200 மைக்ரான் வரை இருக்கும் யூரித்தேன் பிளாஸ்டிக். முழுக் காடிக்கும் ஒட்டினால் காசு பறந்துவிடும். முன் பம்பர், பானெட், பின்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் அடிப்பக்கம், இவ்வளவு போதும்.

இன்னொருவர்: அதற்கு முன்னால் அந்தப் புள்ளிகளை டச்-அப் பெயிண்டால் மூடுங்கள், தகரம் தெரிந்தால் நம்ம ஊர் மழைக்குத் துரு பிடிக்கும். செம்மண்ணைக் காய்ந்த துணியால் துடைக்கவே துடைக்காதீர்கள், முதலில் நிறையத் தண்ணீர் அடியுங்கள். அப்புறம், லோரியை ஒட்டிப் போகாதீர்கள்.

கேட்டவர்: சரி அண்ணே, முன்பக்கம் மட்டும் பிலிம் ஒட்டிவிடுகிறேன்.