388-க்கு எதிரே ஒற்றை ஓட்டு: ஜெனெட் ரேங்கின் செய்தது சரியா?

தெருவிளக்கு:
அமெரிக்கக் காங்கிரசுக்கு ஜெயித்துப் போன முதல் பெண் ஜெனெட் ரேங்கினை இந்தக் குழுவில் பலர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறீர்கள். 1916-ல் மொன்டானா மாநிலத்தில் அவர் வென்றது பெரிய காரியம், மறுக்கவில்லை. நாடு முழுக்கப் பெண்களுக்கு ஓட்டுரிமை வர இன்னும் நாலு வருஷம் இருந்தது. ஆனால் 1941 டிசம்பர் 8? முந்தின நாள்தான் ஜப்பான் குண்டு வீசி, பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தில் சுமார் 2,400 பேர் செத்திருக்கிறார்கள். ஜப்பான் மீது போர் அறிவிக்கும் தீர்மானத்துக்கு ஆதரவு 388, எதிர்ப்பு 1. அந்த ஒன்று இவர். இதற்குப் பெயர் துணிச்சலா, பிடிவாதமா?

நெய்தல்:
1940 தேர்தலில் அவர் ஊர் ஊராகப் போய்ச் சொன்னதே "போர் வேண்டாம்" என்பதுதான். அதைக் கேட்டுத்தான் ஜனங்கள் ஓட்டுப் போட்டார்கள். ஜெயித்த பிறகு சொன்ன சொல்லை மாற்றும் அரசியல்வாதியையும் திட்டுவோம், மாற்றாதவரையும் திட்டுவோம் என்றால் எப்படி?

தெருவிளக்கு:
அக்கா, அவர் வாக்குக் கொடுத்தபோது குண்டு விழவில்லையே! நிலைமை தலைகீழான பிறகும் பழைய பேச்சையே பிடித்துக்கொண்டிருக்கவா மக்கள் பிரதிநிதி? இன்னொன்று. மூன்று நாள் கழித்து ஜெர்மனி, இத்தாலி மீதான வாக்கெடுப்பில் ஆதரவும் இல்லை, எதிர்ப்பும் இல்லை, "அவையில் இருக்கிறேன்" என்று மட்டும் பதிவு செய்தார். கொள்கை அவ்வளவு உறுதியானது என்றால் அன்றைக்கும் எதிர்த்திருக்க வேண்டாமா?

பொடிமட்டை:
அண்ணே, அந்த ரெண்டு நாடும் அன்னைக்கே அமெரிக்கா மேல போர் அறிவிச்சாச்சு. வந்த சண்டைய வேண்டாம்னு சொல்லி என்ன பண்றது?

1941-ஐ மட்டும் வெச்சு அந்தம்மாவ அளக்காதீங்க. 1917-ல முதல் உலகப் போருக்கும் எதிரா ஓட்டுப் போட்டாங்க. பதவி ஏத்து நாலே நாள். அப்ப எதிர்த்தவங்க மொத்தம் 50 பேர். சபையில பெரும்பான்மைக் கட்சித் தலைவரா இருந்த கிளாட் கிட்சினும் அதுல ஒருத்தர். ஆனா பத்திரிகைக்காரங்க "பொம்பள அழுதுட்டா"ன்னு எழுதினது யாரைப் பத்தி? ஓட்டுரிமைக்காகப் போராடின பெண் தலைவர்கள்லயே சிலர், இவரால நம்ம இயக்கத்துக்குக் கெட்ட பேர்னு கோவிச்சுக்கிட்டாங்க.

அதே வருஷம் ஜூன்ல மொன்டானாவோட பியூட் நகரத்துத் தாமிரச் சுரங்கத்துல தீப்பிடிச்சு 168 பேர் செத்தாங்க. தொழிலாளிங்க வேலைநிறுத்தத்துல இறங்கினப்ப அவங்களுக்காகப் பேசப் போனது ரேங்கின். எதிர்ல நின்னது அனகோண்டாங்கற பெரிய தாமிரக் கம்பெனி. அப்ப மொன்டானால அந்தக் கம்பெனி வெச்சதுதான் சட்டம். கம்பெனிய முறைச்சுக்கிட்டு அங்க யாரும் அரசியல் பண்ண முடியாது.

தெருவிளக்கு:
அப்படியானால் 1918 தேர்தலில் அவர் தோற்றது அந்த 1917 போர் ஓட்டால் இல்லை என்கிறீர்களா?

நெய்தல்:
அது மட்டும் காரணமில்லை. 1916-ல் மாநிலம் முழுக்க ஒரே தொகுதியாக இருந்து இரண்டு பேரை அனுப்பியது. பிறகு சட்டமன்றம் அதை இரண்டாக வெட்டி, குடியரசுக் கட்சிக்காரரான இவரை ஜனநாயகக் கட்சி வலுவாக இருந்த பக்கம் தள்ளிவிட்டது. வேறு வழியில்லாமல் மேலவையான செனட்டுக்கு நின்றார். சொந்தக் கட்சியில் வேட்பாளர் வாய்ப்புக் கிடைக்கவில்லை. வேறொரு சிறு கட்சியில் நின்று மூன்றாம் இடம். தொகுதி எல்லையை வளைத்து ஆளைக் கவிழ்க்கும் வேலை ஒன்றும் புதிதல்ல.

தெருவிளக்கு:
சரி, 1918 கதையை ஏற்கிறேன். 1942 தேர்தலில்? அப்போது எல்லையை யாரும் வெட்டவில்லை. அவரே நிற்கவில்லை. நின்றால் தொகுதி என்ன சொல்லும் என்று அவருக்கே தெரியும்.

நெய்தல்:
தெரிந்தேதான் போட்டார் என்கிறேன் நானும். ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தவரைக் கூட்டம் சூழ்ந்ததும் ஒரு தொலைபேசிக் கூண்டுக்குள் புகுந்துகொள்ள வேண்டியிருந்தது. காவலர்கள் வந்துதான் அறைக்குக் கூட்டிப் போனார்கள். பதவி போய்விடும் என்று தெரிந்தே போட்ட ஓட்டைப் பிடிவாதம் என்று ஒரே சொல்லில் தள்ளாதீர்கள்.

தெருவிளக்கு:
தன் பதவியைத் தியாகம் செய்வது அவர் உரிமை. ஆனால் அந்த ஓட்டு அவருடையது இல்லை, தொகுதியுடையது.

பொடிமட்டை:
அப்ப 1985-ல அதே மொன்டானா அவங்களுக்கு நாடாளுமன்றக் கட்டடத்துலயே சிலை வெச்சுதே, அது எந்தத் தொகுதி? பதவி போன பிறகும் சும்மா இருந்தாங்களா? காந்தி வழியக் கத்துக்க இந்தியாவுக்குப் பல தடவ வந்தாங்க. 1968-ல 87 வயசுல, வியட்நாம் போர நிறுத்துன்னு ஆயிரக்கணக்கான பெண்களோட வாஷிங்டன்ல ஊர்வலம் போனாங்க. அதுவும் தப்பா அண்ணே?

தெருவிளக்கு:
வியட்நாமில் நான் அவர் பக்கம். டிசம்பர் 8-ல் இல்லை.